தபால் கார்டில் என் வயிறு

இருபத்தாறு வயதில் என் முகத்தைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இருந்தது. திருச்சிப் பக்கத்திலிருந்து மைசூருக்கு மாற்றலாகி வந்த புதிதில், தபாலாபீஸ் கௌன்டர் கம்பிக்குப் பின்னால் அந்த முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதே ஊருக்கு நான் செய்யும் உபகாரம் என்று நினைத்தேன். இரண்டே வருஷத்தில் அந்த அபிப்பிராயம் கலைந்துபோனது.

முதலில் கடைவாய் இரண்டு பக்கமும் வெடித்தது. கொட்டாவி விட்டால் ரத்தம் கசியும். நாக்கு செக்கச்செவேலென்று வழவழத்துப் போய், சாம்பார் பட்டாலே எரிந்தது. பிறகு கழுத்தில் கட்டிகள் வந்தன. ஒன்று பழுத்து உடைவதற்குள் அடுத்தது இடம் பிடித்து வைத்திருக்கும். முழங்கைக்கு மேலே தோல் முள்முள்ளாகச் சொரசொரத்தது. ஊரில் யாருக்கு ஜலதோஷம் வந்தாலும் என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போகும். மற்றவர்களுக்கு மூன்று நாள், எனக்கு மூன்று வாரம்.

ஸ்டாம்பு ஒட்டுவதற்கு ஆபீஸில் ஈரப் பஞ்சு கொடுத்திருந்தார்கள். எனக்கு நாக்குதான் சுலபம். ஒரு நாள் கடிதம் அனுப்ப வந்த ஓர் அம்மாள், தன் கவரில் நான் ஸ்டாம்பை நக்கி ஒட்டப்போவதைப் பார்த்துக் கையை நீட்டித் தடுத்து, அதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு வேறு கொடுங்கள் என்று கன்னடத்தில் மரியாதையாகச் சொன்னாள். அன்றிலிருந்து பஞ்சைப் பயன்படுத்தினேன்.

வைத்தியம் செய்யாமல் இருக்கவில்லை. வாசனை ஸ்னோ, கிளிசரின், சந்தன சோப்பு, ரத்த சுத்தி என்று லேபிள் ஒட்டிய கறுப்பு டானிக் எல்லாம் வாங்கினேன். உடம்பில் சேர்ந்த அழுக்குதான் தோல் வழியாக வெளியேறுகிறது என்று அந்த டானிக் பாட்டிலோடு வந்த நோட்டீஸ் சொன்னது. அதை நம்பி, ஒவ்வொரு சனிக்கிழமையும் விளக்கெண்ணெய் குடித்து வயிற்றைக் கழுவினேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் கோயிலுக்குப் போகும்போது முட்டி நடுங்கும். பக்தி என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள்.

சாப்பாட்டின் மேல் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் வரவில்லை. நாகரிகமாகச் சாப்பிடுகிறவன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டிருந்தேன். மண்டி மொஹல்லாவில் ஒரு சந்தில் ஒற்றை அறை எடுத்திருந்தேன். காலையில் பன்னும் காபியும். மத்தியானம் ஹோட்டலில் வெள்ளை வெளேரென்ற சோறு. சாயங்காலம் ஆபீஸ் நண்பர்களோடு போண்டா, காபி, மறுபடியும் காபி. ராத்திரி ரேஷன் அரிசியை நாலு தண்ணீரில் கழுவி, வடித்துக் கஞ்சியைக் கொட்டிவிட்டு, ஊறுகாயோடு சாப்பிடுவேன். சுதந்திரம் வந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியும் ரேஷன் போகவில்லை. அரிசியோடு ராகியும் கட்டாயமாகத் தலையில் கட்டுவார்கள். அந்தக் கறுப்புத் தானியத்தை நான் வீட்டுக்குள்ளேயே கொண்டுவருவதில்லை. அடுத்த அறையில் குடியிருந்த ஜட்காக்காரருக்கு அப்படியே கொடுத்துவிடுவேன். அவருக்கும் என் வயதுதான் இருக்கும். ராகியும் கீரையும் தின்று, மனிதர் குதிரையைவிடப் பளபளப்பாக இருந்தார். அது பிறவி வாகு என்று நினைத்துக்கொண்டேன்.

என் அக்காவுக்குக் கல்யாணமாகி மைசூருக்கு வந்து பத்து வருஷம் ஆகியிருந்தது. எனக்குப் பெண் பார்க்கும் பொறுப்பை அவளே எடுத்துக்கொண்டாள். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸாக இருந்த ஒரு பெண்ணை, கோயிலில் பழக்கமான குடும்பம் என்று சொன்னாள். அப்பா ரயில்வே வொர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரே மகள். கிறிஸ்துமஸ் முடிந்த அடுத்த வாரம் போவதென்று முடிவாயிற்று. அந்த ஒரு வாரமும் நான் கிளிசரினில் குளித்தேன் என்றே சொல்லலாம்.

பெண் காபித் தட்டோடு வந்தாள். நிமிர்ந்துதான் வந்தாள். அக்காவுக்குக் கொடுத்தாள், அத்தானுக்குக் கொடுத்தாள், என் முன்னால் வந்ததும் தட்டை நீட்டாமல் என் உதட்டையே பார்த்தாள். ஒரு நொடி எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பிறகு அந்தப் பார்வை கழுத்துக் கட்டிக்குப் போயிற்று, அங்கிருந்து கைக்குப் போயிற்று. வார்டில் புதிதாக வந்து படுத்த நோயாளியை அப்படித்தான் பார்ப்பார்கள் என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

"நாக்கை நீட்டுங்க, பாக்கலாம்" என்றாள்.

நான் நீட்டினேன். ஏன் நீட்டினேன் என்று இன்றுவரை தெரியாது. அந்தக் குரலுக்கு யாராக இருந்தாலும் நீட்டியிருப்பார்கள். என் அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். பெண்ணின் அப்பா தொண்டையைக் கனைத்தார். அவள் அதையெல்லாம் பொருட்படுத்தாமல், காலையில் என்ன சாப்பிடுவேன், மத்தியானம் என்ன, மோர் உண்டா, கீரை உண்டா, வெளிக்கு ஒழுங்காகப் போகிறதா என்று வரிசையாகக் கேட்டாள். பெண் பார்க்க வந்த இடத்தில் கடைசிக் கேள்விக்கு எப்படிப் பதில் சொல்வது என்று நான் எங்கும் படித்ததில்லை. சனிக்கிழமை மட்டும் என்று உண்மையைச் சொல்லிவிட்டேன்.

ரத்தத்தில் அழுக்கு ஒன்றும் இல்லை, சாப்பாட்டில்தான் சத்து இல்லை என்று அவள் சொன்னாள். விளக்கெண்ணெயை அன்றோடு நிறுத்த வேண்டும். ராகியைத் தானம் செய்யக்கூடாது. தினமும் ஒரு பெரிய டம்ளர் மோர், ஏதாவது ஒரு சொப்பு. மைசூர்த் தமிழர்கள் கீரையை அப்படித்தான் சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை ஈரலோ முட்டையோ. அரிசியை நாலு தண்ணீரில் கழுவுகிறவன் சத்தையெல்லாம் சாக்கடைக்கு ஊட்டுகிறான் என்றும் சொன்னாள்.

"ஈஸ்டர் கழியட்டும். அதுக்கப்புறம் பேசிக்கலாம்" என்றாள்.

ஒரு வாய்ப்புண்ணுக்காக மனிதனைத் தள்ளி வைப்பதா என்று எனக்கு ரோஷம் வந்தது. கேட்டேவிட்டேன்.

"புண்ணுக்காக இல்லீங்க. புண்ணு யாருக்கும் வரும். சொன்னா கேக்கிற ஆளா நீங்கன்னு தெரியணும், அஷ்டே."

அஷ்டே என்றால் கன்னடத்தில் அவ்வளவுதான் என்று அர்த்தம். அவ்வளவுதான், நாங்கள் எழுந்து வந்துவிட்டோம். வழியில் அக்கா, உன் நாக்கைப் பத்து பேர் பார்க்க நீட்டிவிட்டு வந்தாயே, வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரியாதா என்று மட்டும் கேட்டாள்.

வாரம் ஒரு முறை என்ன சாப்பிட்டேன், உடம்பு எப்படி இருக்கிறது என்று நான் எழுத வேண்டும், அவள் பதில் எழுதுவாள் என்று ஏற்பாடு. அவள் அப்பா அதற்குச் சம்மதித்தார், ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். கல்யாணம் நிச்சயமாகாத பெண்ணும் பையனும் எழுதிக்கொள்வதில் ஒளிவு மறைவு கூடாது. கவர் வேண்டாம், இரண்டு பேரும் கார்டில்தான் எழுத வேண்டும். எனக்கு வேலை தபாலாபீஸில் என்பதை அந்த நல்ல மனிதர் யோசித்ததாகத் தெரியவில்லை.

அடுத்தவர் கடிதத்தைப் படிக்கக்கூடாது என்பது எங்கள் ஆபீஸில் எல்லாருக்கும் தெரியும். கார்டைப் படிப்பதாக யாரும் நினைப்பதில்லை, கண்ணில் படுகிறது, அவ்வளவுதான். எங்கள் ஆபீஸில் தபால் பிரிப்பவர் கொள்ளேகால்காரர், தமிழ் நன்றாகப் படிப்பார். முதல் கார்டு வந்த அன்று அதை என் மேஜையில் வைத்துவிட்டு நகராமல் நின்றார். நான் எடுத்துப் பார்த்தேன். நலம் விசாரித்து ஒரு வரிகூட இல்லை. "விளக்கெண்ணெயை நிறுத்தினீர்களா? மலம் இறுகினால் பயப்பட வேண்டாம். கொய்யாப் பழம் சாப்பிடவும்" என்று தெளிவான கையெழுத்தில் எழுதியிருந்தாள்.

சாயங்காலத்துக்குள் அந்தச் செய்தி கன்னடத்திலும் மொழிபெயர்ந்துவிட்டது. மறுநாள் என் மேஜையில் நாலு கொய்யாப் பழம் இருந்தது. யார் வைத்தது என்று யாரும் சொல்லவில்லை. பிறகு எந்த போஸ்ட்மேன் என் பக்கம் வந்தாலும், வயிறு எப்படி என்று விசாரிக்காமல் கடிதம் கொடுக்கும் பீட்டுக்குக் கிளம்பியதில்லை.

இந்த நிலையில் நான் செய்த காரியத்தைச் சொல்ல இப்போதும் கூச்சமாக இருக்கிறது. நான் எதையும் மாற்றவில்லை. விளக்கெண்ணெயை மட்டும் நிறுத்தினேன். அது சுகமான காரியம். மற்றபடி பன், போண்டா, காபி எல்லாம் பழையபடி நடந்தன. கார்டில் மட்டும் மோர் குடித்தேன், கார்டில் கீரை தின்றேன். கொள்ளேகால்காரர் ஒரு சனிக்கிழமை என் கார்டைப் பையில் போடுவதற்கு முன் கொஞ்சம் யோசித்தார்.

"நேத்து சாயங்காலம் நம்மளோடதானுங்க போண்டா தின்னீங்க. இதுல மோருன்னு எழுதியிருக்குதுங்களே" என்றார்.

அவருக்குக் காபி வாங்கிக் கொடுத்தேன். நானும் ஒன்று குடித்தேன்.

நாலாவது வாரம் ராகியைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையே என்று கேட்டு அவளிடமிருந்து கார்டு வந்தது. எனக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. விவரமாக எழுதினால் நம்புவாள் என்று நினைத்தேன். மைசூரில் ராகி மாவைக் கிளறிப் பெரிய உருண்டையாக உருட்டி முத்தே என்று சாப்பிடுகிறார்கள் என்பது கேள்விப்பட்ட விஷயம். அதனால், தினமும் ராத்திரி ஒரு முத்தே சாப்பிடுவதாகவும், ஜீரணத்துக்கு நல்லது என்று ஒவ்வொரு வாயையும் முப்பத்திரண்டு தடவை மென்று விழுங்குவதாகவும், பல்லுக்கு அது நல்ல பயிற்சியாக இருப்பதாகவும் எழுதினேன். கொள்ளேகால்காரர் அதைப் படித்தார். முகத்தில் எதையும் காட்டாமல் பையில் போட்டார்.

பதில் மூன்றாம் நாளே வந்தது.

"முத்தேயை மென்றதாக எழுதியிருக்கிறீர்கள். நான் பிறந்ததிலிருந்து மைசூரில் இருக்கிறேன், முத்தேயை மென்றவரைப் பார்த்ததில்லை. அதை விழுங்குவார்கள். இனிமேல் சாப்பிடாததை எழுத வேண்டாம். சாப்பிட்டதை எழுதுங்கள், போண்டாவாக இருந்தாலும் சரி."

ஆபீஸே சிரித்தது. போஸ்ட்மாஸ்டர் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தார். முன்பே தெரிந்திருந்தால் சொல்லியிருக்கக்கூடாதா என்று கொள்ளேகால்காரரிடம் கோபித்துக்கொண்டேன். தெரிந்துதான் விட்டேன், சொல்லியிருந்தால் நீங்கள் திருத்தி எழுதியிருப்பீர்கள், சாப்பிட்டிருக்க மாட்டீர்கள் என்றார்.

பொய் பிடிபட்டதைவிட, அவள் கோபித்துக்கொள்ளாதது என்னைத் தைத்தது. அந்தச் சனிக்கிழமை முதல் முறையாக உண்மையை எழுதினேன். ஒரு நாளைக்கு ஆறு காபி. போண்டா மூன்று, சில நாள் நாலு. மோர் இல்லை. கீரை இல்லை. கடைவாய்ப் புண் அப்படியே இருக்கிறது. கட்டி இப்போது இரண்டு. எழுதி முடித்துப் பார்த்தபோது, என் சாப்பாட்டை முதல் முறையாக நானே பார்க்கிற மாதிரி இருந்தது. ஒரு வாரம் முழுவதும் பச்சையாக ஒன்றும் என் வாய்க்குள் போகவில்லை. அவள் பதிலில் ஒரே வரி: "இதுதான் உங்கள் முதல் ரிப்போர்ட்."

அன்றைக்கு ரேஷன் ராகியை ஜட்காக்காரரிடம் கொடுக்கும்போது, இதில் எனக்கும் ஒரு முத்தே வேண்டும் என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அந்த ராத்திரி தன் வீட்டுக்குள் கூப்பிட்டுத் தட்டு வைத்தார். தட்டில் கிரிக்கெட் பந்து மாதிரி பழுப்பாக, ஆவி பறக்க ஒன்று உட்கார்ந்திருந்தது. சுற்றிலும் கீரையும் முளைகட்டிய கொள்ளும் போட்ட சாறு. நான் ஒரு துண்டைக் கிள்ளினேன். அது விரலை விடவில்லை. வாயில் போட்டதும் மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொண்டது. பழக்க தோஷத்தில் பல் அசைந்தது.

"அகீபேடி சாமி, நுங்கி" என்றார். மெல்லாதீர்கள், விழுங்குங்கள்.

சாறில் புரட்டி விழுங்கினேன். பாதி வழியில் நின்றுகொண்டு யோசித்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கதவுக்குப் பின்னால் அவர் மனைவி சிரிக்கும் சத்தம் கேட்டது. அன்று அரை முத்தேதான் முடிந்தது. ஒரு வாரத்தில் ஒன்று முழுதாக இறங்கியது. அதன்பின் என் ராகியோடு கீரைக்கும் கொள்ளுக்கும் நான் மார்க்கெட்டுக்குப் போய் வருவது, சமைப்பது அவர்கள் வீட்டில் என்று வழக்கமாயிற்று. மோரும் அவர்கள் வீட்டில்தான்.

உடனே அழகன் ஆகிவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். முதல் பத்து நாள் வயிறு கலகம் செய்தது. கௌன்டரில் உட்கார்ந்திருக்கும்போது உள்ளே வண்டி ஓடுகிற மாதிரி சத்தம் வரும். ஸ்டாம்பு வாங்க வந்த ஒரு பெரியவர் வானத்தைப் பார்த்து, மழை வரும் போலிருக்கிறது என்றார். இதையும் கார்டில் எழுதினேன். பயப்பட வேண்டாம், இத்தனை நாள் வேலையில்லாமல் இருந்த குடல் வேலைக்கு வந்திருக்கிறது, முத்தேயைக் கொஞ்சம் சின்னதாக்கிக்கொண்டு மோரை விடாமல் குடியுங்கள் என்று பதில் வந்தது. அதையும் ஆபீஸ் படித்தது. ஆனால் இப்போது எனக்குக் கூச்சம் போய்விட்டது. பொய் இல்லாத கார்டை யார் படித்தால் என்ன என்று ஆகிவிட்டது.

முதலில் நாக்கு சரியானது. ஒரு நாள் சாம்பார் எரியவில்லை. ஹோட்டல்காரர் காரத்தைக் குறைத்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். மூன்று வாரத்தில் கடைவாய் மூடியது. ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்கள் பாதி கடந்தபோது புதிதாகக் கட்டி வரவில்லை என்பதைக் கவனித்தேன். கைச் சொரசொரப்புதான் பிடிவாதமாக நின்றது. இதற்கு நடுவில் ஆபீஸ் முழுவதும் ஒரு ஜலதோஷம் சுற்றி வந்தது. எனக்கும் வந்தது, ஆனால் நாலாம் நாள் போய்விட்டது. இது ராகியாலா, மோராலா, கீரையாலா, அல்லது சனிக்கிழமை தோறும் குடலைப் படுத்தாமல் விட்டதாலா என்று என்னால் சொல்ல முடியாது. எல்லாம் சேர்ந்துதான் இருக்க வேண்டும். ஜட்காக்காரரைக் கேட்டால், ராகியால்தான் என்று குதிரை மேல் சத்தியம் செய்வார்.

லெந்து முடிவதற்குள்ளேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அவர்கள் வீட்டுக்குப் போனேன். முத்தே விஷயத்தில் கார்டில் மன்னிப்புக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. அவள் அப்பா கூடத்தில் உட்கார்ந்து செய்தித்தாளைப் பிரித்து வைத்துக்கொண்டார். அந்தப் பக்கத்தை அவர் அரைமணி நேரம் திருப்பவில்லை. நான் பொய் எழுதியதற்காக வருத்தப்படுகிறேன் என்று நேராகவே சொன்னேன். மூன்று கார்டிலேயே தெரிந்துவிட்டது என்றாள். மோரும் கீரையும் நிஜமாகவே சாப்பிட்டிருந்தால், எரிச்சல் கொஞ்சமாவது குறைந்தது என்று எழுதியிருப்பேனாம். நான் சாப்பிட்டதை மட்டும் ஜோடித்தேன், புண்ணை ஜோடிக்க மறந்துவிட்டேன்.

உதட்டிலும் தோலிலும் ஏன் முதலில் வருகிறது என்று கேட்டேன். எனக்கு அது வெகுநாள் சந்தேகம்.

"வர்றது கொஞ்சமா இருந்தா, உடம்பு அதை எங்கே அனுப்பும்? இதயத்துக்கு, மூளைக்குன்னு முக்கியமான இடத்துக்குத்தான். வாயோரத்துக்கு மிச்சம் இருக்காது. தோல்தான் மொதல்ல பட்டினி கிடக்கும். கிழிஞ்ச வேலி வழியா எதுவும் உள்ள வரலாம் இல்லீங்களா, அதான் கட்டி, ஜொரம் எல்லாம். எங்க வார்டுல பிள்ளைங்க இப்படித்தான் வரும். மருந்து கொடுத்து அனுப்புவோம், அதே சாப்பாட்டுக்குப் போயிட்டு அதே புண்ணோட திரும்பி வரும்."

பிறகு குரலைத் தாழ்த்தி, நர்ஸ் படிப்பு படிக்கும்போது தனக்கும் இதே புண் வந்தது என்றாள். ஹாஸ்டலில் வெள்ளைச் சோறும் தண்ணீர்ச் சாம்பாரும்தான். பாதிப் பெண்களுக்குக் கடைவாய் வெடித்திருந்தது. நோயாளிகளுக்குச் சத்துணவைப் பற்றிச் சொல்லப் போகும்போது உதட்டில் வாஸலின் தடவி மறைத்துக்கொண்டு போவார்களாம். என் உதட்டில் கிளிசரின் மினுங்குவதைப் பார்த்ததும் அவளுக்கு அதுதான் ஞாபகம் வந்ததாம்.

"அதான் நாக்கை நீட்டச் சொன்னேன். எங்களை யாரும் அப்பிடிக் கேக்கலை" என்றாள்.

செய்தித்தாளுக்குப் பின்னால் அவள் அப்பா மூக்கை உறிஞ்சினார். ஈஸ்டர் வரைக்கும் காத்திருக்க வேண்டாம், தேதி பார்க்கலாம் என்று அவரே சொன்னார். ஈஸ்டர் கழிந்த மூன்றாம் வாரம் எங்களுக்குக் கல்யாணம் நடந்தது. கொள்ளேகால்காரர் தலைமையில் ஆபீஸே வந்தது. அன்பளிப்பாக ஒரு பெரிய மோர்ப் பானை கொடுத்தார்கள். போதகர் அதைப் பார்த்து ஏதோ உள்ளூர் வழக்கம் என்று நினைத்துக்கொண்டார்.

கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு விஷயம் தெரியவந்தது. ஒன்று, என் மனைவிக்கு மோர் பிடிக்காது. வாசனையே ஆகாது, மூக்கைப் பிடித்துக்கொண்டு, கடமையாகக் குடிப்பாள். இன்னொன்று, அவளுக்கு முத்தே கிளறத் தெரியாது. எத்தனை பேரைச் சாப்பிடச் சொன்னாளோ தெரியாது, தன் கையால் ஒன்றுகூட உருட்டியதில்லை. அவர்கள் வீட்டில் அது அம்மாவின் வேலை. முதல் நாள் கிளறியதில் உள்ளே மாவு மாவாகக் கட்டிகள் நின்றன. அதை விழுங்கவும் முடியாது. மைசூரில் முத்தேயை மென்றவர்கள் இல்லை என்றாளே, அன்று இரண்டு பேரும் மென்றோம்.

மறுநாள் நான் ஜட்காக்காரர் வீட்டுக்குப் போய், அவர் மனைவி கிளறுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பானையைக் காலால் அணைத்துக்கொண்டு, கோலை இரண்டு கையாலும் பிடித்துச் சுழற்ற வேண்டும். கட்டி விழுவதற்குள் சுழற்ற வேண்டும். எனக்கு அது ஒரு மாதத்தில் கைவந்தது. அதிலிருந்து எங்கள் வீட்டில் அந்த வேலை என்னுடையதாயிற்று. அவள் காலை டியூட்டி முடித்து மத்தியானம் வரும்போது, நான் ஆபீஸிலிருந்து சாப்பாட்டு நேரத்துக்கு ஓடிவந்து கிளறி வைத்திருப்பேன். அவள் கையைக் கழுவிக்கொண்டு வந்து, உருண்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, விரலால் ஓர் அழுத்து அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவாள்.